தாழ் உள்பக்கம்

2 ஜூன்

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானே எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. சந்தேகம் இருந்தால் இந்த 'ழ'வைப் பார். வேறு யாராவது இவ்வளவு கோணலாகப் போடுவார்களா? நாக்கும் மடங்க வேண்டும், கையும் மடங்க வேண்டும் என்றால் ஒரே எழுத்துக்கு எவ்வளவு வேலை!

ஆலயத்தின் பின்னறையில் மதியம் எழுத்து வகுப்பு நடக்கிறது. பதினொரு பெண்கள், நான் ஒருவன். சொல்லிக்கொடுப்பவர் டெலிபோன் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற அம்மா. எதற்கும் முதலில் "ஹலோ" என்பதால் அவருக்கு ஹலோ டீச்சர் என்று பெயர். முதல் நாள் நான் தச்சுவேலைப் பழக்கத்தில் உளியைப் பிடிக்கிற மாதிரி பென்சிலைப் பிடித்தேன். "ஹலோ, பேப்பரை எழுதச் சொன்னா இழைச்சுத் தள்றீங்களே" என்றார். பெண்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு வெட்கம் போய்விட்டது. வெட்கம் போனதும் எழுத்து வந்தது.

உன் அண்ணி முதலில், "எழுபத்திரெண்டு வயசுல ஆனா ஆவன்னாவா? பல்லு போன பிறகு முறுக்கா?" என்றாள். இப்போது கடைப் பையில் அச்சடித்திருப்பதைக்கூடப் படித்துக் காட்டச் சொல்கிறாள்.

நீ எழுதிய தினதியானப் புத்தகத்தைத்தான் படிக்கிறேன். எல்லோரும் ஒரு பக்கத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். எனக்கு ஒரு நாள் பக்கம் ஒரு நாள் முழுக்க வருகிறது. அதனால் அதைச் சரியாகப் படிக்கிற ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். ஏப்ரலில் ஆரம்பித்தேன், பிப்ரவரி முடிந்துவிட்டது. சிரிக்காதே.

ஒரு சந்தேகம். 'தாழ்மை' என்று அடிக்கடி எழுதியிருக்கிறாய். நான் அதைக் கதவுத் தாழ்ப்பாள் சம்பந்தப்பட்டது என்று நினைத்து நாலு பக்கம் ஓட்டிவிட்டேன். அர்த்தமும் ஓரளவுக்குச் சரியாகத்தான் வந்தது. டீச்சர்தான் திருத்தினார். ஆனாலும் தாழ் என்றால் தாழ்தானே? எழுது.

இதை எழுதி முடிக்க நாலு நாள் ஆனது. உன் வீட்டில் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

இப்படிக்குச் சந்தோஷத்தில் இருக்கும்
அண்ணன்


15 ஜூன்

அன்பான அண்ணா,

கிறிஸ்துவின் சமாதானம் உங்களோடிருப்பதாக. உங்கள் கடிதம் கண்டு வியந்தேன். கர்த்தருடைய வழிநடத்துதல் எவ்வளவு ஆச்சரியமானது! கண்ணை வருத்திக்கொள்ளாதீர்கள்.

தாழ்மை என்பது நம்மைச் சிறியவராக எண்ணி, தேவன் தந்ததில் திருப்தியாக இருப்பது. தாழ்ப்பாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வரிசையாகப் படிப்பது நல்லது. ஆனால் செப்டம்பர் ஒன்பதாம் தேதிப் பக்கத்துக்காக நீங்கள் சிரமப்பட வேண்டாம். அது உங்களைப் பற்றியது. எழுதியபோதே உங்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன், நினைவிருக்கும்.

இன்னொன்று. வெள்ளிவிழாப் பதிப்பு அச்சுக்குப் போகிறது. அந்த ஒன்பதாம் தேதி ஞாயிறாக வருவதால் உங்கள் ஆலயத்திலேயே வெளியீடு. எங்கெங்கிருந்தோ விசுவாசிகள் உங்களைப் பார்க்க வருவார்கள். நீங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதை அதுவரை பெரிதாக வெளியே சொல்ல வேண்டாமே. தவறாக எண்ணாதீர்கள்.

அண்ணியாருக்கு என் அன்பு.

ஜெபத்தில் உங்களை நினைக்கும்
தம்பி


1 ஜூலை

தம்பிக்கு,

படிக்க வேண்டாம் என்று ஒரு பக்கத்தைச் சொன்னால் படிக்காமல் இருக்கவா இந்த வயதில் எழுத்துக் கற்றேன்? மார்ச்சை அப்படியே விட்டுவிட்டுச் செப்டம்பருக்குத் தாண்டினேன். மூன்று நாள் படித்தேன். நாலாவது நாள் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று டீச்சரைப் படிக்கச் சொன்னேன். அவர் ஹலோகூடச் சொல்லாமல் படித்தார்.

நீ எழுதியிருப்பது இது: "என் அண்ணன் தச்சர். எழுத்தறியாதவர். ஒருமுறை அவரை எழுத்து வகுப்புக்கு அழைத்தார்கள். அவர் பணிவோடு மறுத்துவிட்டார். 'கர்த்தர் எனக்கு மரத்தைக் கொடுத்தார், எழுத்தைக் கொடுக்கவில்லை, கொடுக்காததற்கும் ஸ்தோத்திரம்' என்றார். இதுவல்லவா தாழ்மை!"

நான் எப்போதடா இப்படிச் சொன்னேன்?

அன்றைக்கு நீ எனக்கு வாசித்துக் காட்டியது வேறு. நான் செய்யும் கதவுகளைப் பற்றி எழுதியிருப்பதாகச் சொன்னாய். எத்தனை வருடமாகவோ யார் யாரோ வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானே அந்தத் தாழ்மை அண்ணன்?" என்று கேட்கிறார்கள். நானும், "ஆமாங்க, இந்த ஆலயத்துல எல்லாத் தாழும் நான் போட்டதுதான்" என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு அவர்கள் கண் கலங்குவார்கள். தாழ்ப்பாளுக்குப் போய் ஏன் அழுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. இப்போது புரிகிறது.

உன் அண்ணிக்கு அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். "நீங்களா ஸ்தோத்திரம் சொன்னீங்க? டீயில சர்க்கரை குறைஞ்சாலே தெருவைக் கூட்டுவீங்களே!" என்றாள். என்னை அறிந்தவள் அவள்.

அப்பா ஒருவனைத்தான் பள்ளிக்கு அனுப்ப முடியும் என்று சொன்ன அன்று நான் பணிவாக இருக்கவில்லை. ஒரு நாள் முழுக்க மரக்கிடங்கில் ஒளிந்திருந்து அழுதேன். உன் சிலேட்டுப் பலகையை உடைத்தது நான்தான். அதையும் புத்தகத்தில் போட்டுக்கொள். நீ படித்ததில் எனக்குப் பெருமை உண்டு. நான் படிக்காததில் எனக்கு ஒரு நாளும் பெருமை இருந்ததில்லை. கர்த்தருக்கு நன்றி சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. அந்தப் பட்டியலில் இது கிடையாது.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. அது போகட்டும், எந்த வகுப்பு? யார் கூப்பிட்டார்கள்? எனக்கு நினைவில்லையே.

அண்ணன்


10 ஜூலை

அன்பான அண்ணா,

உங்கள் கடிதம் வருத்தம் தந்தது. ஒரு தியானத்தில் உதாரணம் வரும்போது வார்த்தைக்கு வார்த்தை நடந்ததுதானா என்று பார்ப்பதில்லை, அதன் சாரத்தைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தால் எத்தனை பேர் தேறுதல் அடைந்திருக்கிறார்கள் தெரியுமா? படுத்த படுக்கையாக இருந்த ஒரு சகோதரி அதைக் கிழித்துத் தலையணைக்கடியில் வைத்திருந்தார். நீங்கள் எழுத்தறியாதிருந்ததையும் தேவன் ஒரு நோக்கத்துக்காக அனுமதித்தார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது அவருடைய சித்தம்.

பதிப்பு அச்சகத்தில் இருக்கிறது. இனி மாற்றுவது கடினம். கோபம் தாழ்மைக்கு அழகல்ல, அண்ணா. பழையதைக் கிளற வேண்டாம். இதற்காக ஜெபியுங்கள்.

தம்பி


24 ஜூலை

தம்பிக்கு,

நீ சொன்னபடி ஜெபித்தேன். ஜெபித்து எழுந்ததும் பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியை இறக்க வேண்டும் என்று தோன்றியது. வழிநடத்துதல் என்று நீ எழுதுவாயே, அதுதான் போலிருக்கிறது.

எனக்கு வந்த காகிதம் எதையும் நான் எறிந்ததில்லை. படிக்கத் தெரியாதவனுக்கு எது முக்கியம் என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் படித்தேன். பாதி மரக்கடை நோட்டீஸ். ஒன்று காலமான நம் சபை மூப்பர் எழுதியது. அப்போது நான் முப்பத்தொரு வயதுக்காரன். நீ வேதாகமக் கல்லூரியில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்தாய். எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதுகிறேன்:

"அன்பான தச்சருக்கு வாழ்த்து. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக் கடைசி அறையில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு தொடங்குகிறேன். முதல் பெஞ்சில் உங்களுக்கு இடம் வைத்திருக்கிறேன். அவசியம் வாருங்கள். பின்குறிப்பு: வரும்போது உளியும் ஒரு தாழ்ப்பாளும் கொண்டு வந்தால் நல்லது. அறைக் கதவு சாத்த மாட்டேன் என்கிறது."

நீ இதை எனக்கு வாசித்துச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. வாசலில் நின்றுகொண்டே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மூப்பர் சனிக்கிழமை வரச் சொல்றார்ணா, பள்ளிக்கூடத்துல ஏதோ கதவு ரிப்பேராம்" என்றாய். பின்குறிப்பை மட்டும் வாசித்தாய்.

போனேன். உள்ளே ஐந்தாறு ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ கூட்டம் என்று நினைத்தேன். கதவை இழைத்தேன், தாழ் போட்டேன். மூப்பர், "உள்ள வாங்க, உக்காருங்க" என்றார். "வேலை முடிஞ்சுதுங்க ஐயா, வர்றேன்" என்றேன். "உங்களுக்கு இடம் வச்சிருக்கேனே" என்றார். உளிப்பையை வைக்க இடம் சொல்கிறார் என்று நினைத்து, "வேண்டாங்க ஐயா, கையோட கொண்டு போயிடறேன்" என்றேன். அவர் முகம் வாடிப்போனது. ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்றவனை அவர் மறுபடி எப்படிக் கூப்பிடுவார்?

நான் வெளியே வந்து நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னால் கதவைச் சாத்தி யாரோ தாழ் போடும் சத்தம் கேட்டது. தடையில்லாமல் ஒரே வழுக்கில் விழுந்தது. நல்ல வேலை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தம்பி, நான் எனக்கே தாழ் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். நாற்பத்தொரு வருடம். நீ அதற்குப் பணிவோடு மறுத்தார் என்று பெயர் வைத்துப் புத்தகம் போட்டாய்.

கர்த்தருடைய சித்தம் என்று இனி எனக்கு எழுதாதே. கர்த்தர் கடிதம் போட்டார், இடமும் வைத்தார். அதை வாசிக்காமல் விட்டது நீ. உன் வேலையை அவர் தலையில் கட்டாதே.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி நான் எழுந்து மூப்பரின் இந்தக் கடிதத்தை வாசிப்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். என் ஆண்டவரும் தச்சர்தான். சபை நடுவே எழுந்து நின்று வேதம் வாசிக்கத் தெரிந்த தச்சர்.

அண்ணன்


2 ஆகஸ்ட்

அண்ணா,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுத்தில் பிழைப்பவன் நான். எனக்கு எழுத வரவில்லை.

மறந்து வாசிக்காமல் விடவில்லை. வேண்டுமென்றே விட்டேன். நம் வீட்டில் கதவு செய்தது நீங்கள், சோறு போட்டது நீங்கள், அப்பா யோசனை கேட்டது உங்களிடம். யாருக்காவது காகிதம் வந்தால் மட்டும்தான் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். நீங்களும் வாசிக்க ஆரம்பித்தால் எனக்கென்று ஒன்றும் இருக்காது என்று பயந்தேன். பிறகு அந்தப் பயத்துக்கு உங்கள் தாழ்மை என்று பெயர் வைத்தேன். எத்தனை காலைகளில் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறேன்! என்னால் ஒருமுறைகூட அதை முழுதாகப் படிக்க முடிந்ததில்லை.

அச்சகத்துக்குப் போய் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். அங்கே இருந்தவர், "போதகரே, வருஷத்துல ஒரு நாள் குறையுமே, என்ன போடறது?" என்று கேட்டார். நீங்கள் எழுதித் தருவீர்களா? பதின்மூன்றாம் தேதிக்குள் வராவிட்டால் காலியாகவே போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் மூப்பரின் கடிதத்தை வாசிப்பதைத் தடுக்க மாட்டேன். அன்று நான் வரலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி


9 ஆகஸ்ட்

தம்பிக்கு,

பக்கம் இதோ. ஹலோ டீச்சர் இரண்டு பிழை திருத்தினார், மற்றதில் கை வைக்க விடவில்லை. அச்சகத்திலும் யாரும் அழகுபடுத்த வேண்டாம்.

"செப்டம்பர் 9. நான் தச்சன். இந்த வருடம்தான் எழுத்துக் கற்றேன். தாழ்மை என்ற வார்த்தையை முதலில் தாழ்ப்பாள் என்று படித்தேன். எல்லோரும் திருத்தினார்கள். யோசித்துப் பார்த்தேன், நான் படித்ததுதான் சரி. தாழ் என்பது கதவின் உள்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே இருப்பவன் தானே போடவும் வேண்டும், தானே எடுக்கவும் வேண்டும். என் கையால் நான் குனிந்தால் அது தாழ்மை. வெளியே நின்று இன்னொருவன் போட்டால் அதற்குப் பெயர் பூட்டு. ஆண்டவரும் வெளியே நின்று தட்டுகிறார், தாழை உடைப்பதில்லை. அவரே தொடாத தாழை மனிதன் தொடக் கூடாது. கொடுத்ததற்கு நன்றி சொல்வோம். பிடுங்கப்பட்டதற்கு நன்றி சொல்லச் சொன்னால் மாட்டேன் என்போம். அதனால் கர்த்தர் கோபிக்க மாட்டார். ஜெபம்: ஆண்டவரே, எழுத்துக்கு ஸ்தோத்திரம். தாமதத்துக்கு இல்லை. ஆமென்."

தலையணைக்கடியில் வைத்திருந்த அந்தச் சகோதரி இருந்தால் அவருக்கு இதையும் அனுப்பு.

உன்னை மன்னித்தேன் என்று எழுதப் பார்த்தேன். எழுத்தெல்லாம் தெரிகிறது, கை வரவில்லை. எனக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகும் என்று உனக்குத் தெரியும். இது பெரிய பக்கம். எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறேன். அவசரப்படுத்தாதே.

மூப்பரின் கடிதத்தை உன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். அழுதாள். அது போதும், பெட்டியில் வைத்துவிட்டேன். ஒன்பதாம் தேதி என் பக்கத்தை நான் எழுந்து நின்று வாசிப்பேன். நீ உட்கார்ந்து கேட்க வேண்டும். முதல் பெஞ்சில் உனக்கு இடம் வைத்திருக்கிறேன். அவசியம் வா.

இப்படிக்கு,
தச்சன், உன் அண்ணன்

பின்குறிப்பு: நம் ஆலயக் கதவு நன்றாகச் சாத்துகிறது. நீ உள்ளே வந்து உட்கார்ந்தால் போதும். இதை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதே, மேலே இருப்பதையும் படி.