வோக்கர் பரம்பரையும் உங்கள் கல்வெட்டும்

அப்பா,

கைப்பையைத் திறந்தால் அச்சு மை மணக்கிறது. உங்கள் கல்வெட்டு, உங்கள் நினைவாக அச்சடித்த சின்னப் புத்தகம். நீங்கள் போன முப்பத்தோராம் நாளன்று வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்து மிஞ்சியதில் ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்தேன். பாசத்தால் இல்லை. உங்கள் வம்சத்தை எழுதும் வேலை கடைசியில் என் கைக்கு வந்ததே, அந்தத் திருப்திக்காக.

அம்மாவின் கல்வெட்டை நீங்கள் எழுதினீர்கள். அதில் மருமகன் என்று ஒருவர்தான் இருந்தார்: தங்கச்சி கட்டிய வோக்கர். என் கணவர் நேசனின் பெயர் இல்லை. அவருடைய அப்பா ஊரில் துணி வெளுத்தவர். "அவன்ர கால் இந்த வீட்டுப் படியில படக்கூடாது" என்றீர்கள். படவில்லை. இருபது வருடமாக நான் உங்களைப் பார்க்க நோர்பரி வீட்டுக்கு வரும்போதெல்லாம், தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இருந்தார். அம்மாவின் முப்பத்தோராம் நாளன்றும் அப்படித்தான்.

தங்கச்சி வெள்ளைக்காரனைக் கூட்டிவந்தபோது, என்ன ஆக்கள், என்ன சாதி என்று நீங்கள் கேட்கவில்லை. "பழைய இங்கிலீஷ் குடும்பம், பேரைக் கேட்டாலே தெரியுதே" என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். வோக்கர் என்ற பெயரின் வரலாறு அச்சிட்ட படமொன்றைச் சந்தையில் வாங்கிவந்து சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டினீர்கள். மேலே சிங்கமும் கேடயமும். அதைத்தான் பார்த்தீர்கள். கீழே பொடி எழுத்தில் இருந்ததை வாசிக்கவில்லை.

நீங்கள் போனபின் வீட்டை ஒதுக்கும்போது நான் வாசித்தேன். வோக்கர் என்பது தொழிலால் வந்த பெயர். ஆலைகள் வருவதற்கு முன், நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதிப்பார்களாம். பிசுக்குப் போகவும் துணி இறுகவும் நாள்பட்ட மூத்திரம் ஊற்றுவார்களாம். அதற்குள் நாள் முழுக்க நின்று மிதித்தவனுக்கு இங்கிலாந்தின் வடக்கே வோக்கர் என்று பெயர். வேறு பக்கங்களில் அதே வேலைக்காரன் ஃபுல்லர், டக்கர். நேசனின் அப்பாவாவது சவர்க்காரம் போட்டார்.

படத்தைப் பிடித்துக்கொண்டு வெறும் வீட்டில் சத்தமாகச் சிரித்தேன். பிறகு அழுதேன். அது உங்களுக்காக இல்லை.

வம்சவழிப் பக்கத்தில் இரண்டு மருமக்களையும் ஒரே வரியில் போட்டேன். மூத்தவர் நேசன், துணி வெளுத்தோர் வழி. இளையவர் வோக்கர், துணி மிதித்தோர் வழி. நீங்கள் மாட்டிய படமே ஆதாரம் என்று அடியில் குறித்தேன்.

அச்சுக்குப் போகுமுன் தங்கச்சி போனில் கேட்டாள்: "அக்கா, செத்த மனுசனிட்டப் பழி வாங்கிறியளோ?"

"ஓம்" என்றேன்.

வோக்கருக்குத் தன் பெயரின் கதை சின்ன வயதிலேயே தெரியுமாம். அவர் சிரித்துவிட்டுப் போனார். நேசன்தான் தயங்கினார். "பேரை மட்டும் போடும். தொழிலை ஏன் இழுக்கிறீர்?"

"ஒளிச்சது காணும், இனி வேண்டாம்."

அச்சுக்குப் போகும் தாளை வாங்கி வாசித்தார். "சரி, போடும். என்ர அப்பா வெக்கப்படுற வேலை ஒண்டும் செய்யேல்லை."

முப்பத்தோராம் நாள் மழை. உங்கள் தம்பி அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கடித்த வடையைத் தட்டில் திருப்பி வைத்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கட்டும் என்றுதான் காத்திருந்தேன். உங்களுக்குச் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் அவர்களுக்காவது சொல்லியிருப்பேன்.

பிறகு நானே தெருமுனைக்குப் போய் நேசனைக் கூட்டிவந்தேன். சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. வாசலில் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு உங்கள் படியில் ஏறினார். படியிலிருந்து உங்கள் படம் வரைக்கும் ஈரக்கால் அடையாளம். அதைத் துடைக்கத் துணியோடு வந்த தங்கச்சியின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

நேசன் உங்களுக்குப் பூப்போட்டுக் கும்பிட்டார். அவருக்கு ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை, அப்பா. ஆறிவிடக்கூடாது என்றுதான் அந்தச் சிங்கப்படத்தைக் குட்மேய்சில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் வாசற்படிக்கு நேரே மாட்டியிருக்கிறேன்.