நகர்ந்த ஆணி

மார்ச் 3, செவ்வாய்

ஒரு வளையத்தை அறுக்காமல், இழுத்து நெளித்தே இன்னொரு வளையமாக்க முடியுமா என்று கேட்பதுதான் ஹோமோடோபி. இதற்கு ஒரு முனைவர் பட்டமா என்று அப்பா இன்னும் கேட்கிறார். இன்று எனக்கென்று ஒரு தேற்றம் கிடைத்தது. சின்னதுதான். வளையம் கட்டியிருக்கும் புள்ளியை நோட்டில் ஆணியாக வரைந்து அதற்குத் தொப்பியும் போட்டேன்.

நோட்டைப் பார்த்த ஒரே ஆள் முடிச்சு. கொண்டையில் பென்சில் செருகித் திரிவதால் நான் வைத்த பெயர். இரண்டு வருடமாக ஒரே அறை, ஒரே கைடு. முதலில் சொந்தமாக ஒன்று கண்டுபிடிப்பவருக்குத்தான் சார் தன்னிடம் உள்ள பெரிய கணக்கைத் தருவார். மற்றவள் வேறு கைடைத் தேட வேண்டும்.

"சூப்பர்டீ. ஆனா சார்கிட்ட இப்பவே ஓடாதே, ரெண்டு வாரம் ஊறட்டும்" என்றாள். என் நல்லதுக்குத்தானே சொல்கிறாள்.

மார்ச் 5, வியாழன்

தப்பு. நிரூபணத்தின் மூன்றாவது வரி. வளையத்தை இழுக்கும்போது ஆணியும் கூடவே நகர்ந்துவிடுகிறது. ஆணி அசையவே கூடாது என்பதுதான் இந்த ஆட்டத்தின் விதி. அவ்வளவு பீற்றிக்கொண்டபின் எந்த முகத்தோடு முடிச்சிடம் சொல்வது? சரிசெய்துவிட்டுச் சொல்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

சரியாகிவிட்டது. ஆனால் பந்தின் மேற்பரப்பு போல, எல்லா வளையமும் புள்ளியாகச் சுருங்கிவிடுகிற வெளிகளுக்கு மட்டும். தேற்றம் பாதியாக இளைத்துவிட்டது.

மார்ச் 17, செவ்வாய்

அறிவிப்புப் பலகையில் வெள்ளிக்கிழமைக் கருத்தரங்கு. தலைப்பு என் தேற்றம். பேச்சாளர் முடிச்சு.

அறைக்கு ஓடினேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்துதானே படிச்சோம். எது யாரோடதுன்னு எப்படிடீ பிரிக்கிறது?"

"என் நோட்டுல இருந்துச்சேடீ."

"எனக்கு வேற கைடு யாரும் கிடைக்க மாட்டாங்க. உனக்குக் கிடைப்பாங்க."

இதுதான் அவள் சொன்ன காரணம். ஊறட்டும் என்றாளே! காய்ச்சலில் கிடந்தபோது இவளுக்குத்தானே கஞ்சி வைத்துக் கொடுத்தேன். பாவி.

மார்ச் 18, புதன்

ஃபோனில் அம்மா சொன்னாள்: "ஒரே தட்டுல சாப்பிட்டவளாச்சே அவ."

பழைய மூன்றாவது வரியைத்தான் வைத்திருப்பாள். நான் சும்மா இருந்தாலே போதும், தானாகக் கவிழ்வாள்.

மார்ச் 20, வெள்ளி

கவிழவில்லை. தொப்பி போட்ட ஆணியைக்கூடப் பலகையில் அப்படியே வரைந்தாள். மூன்றாவது வரியைத் தாண்டினாள். சார் தலையாட்டினார். தப்பை யாரும் கவனிக்கவில்லை. என் தப்பே அவளுக்குப் பட்டம் வாங்கித் தந்துவிடும் போலிருந்தது.

கையைத் தூக்கினேன். "மூணாவது வரியில ஆணி நகருது."

அவள் பலகையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வழக்கமாகப் புரியாதபோது பார்க்கிற அதே பார்வை.

"உனக்கு எப்படி உடனே தெரிஞ்சுது?" என்றார் சார்.

"அந்தத் தப்பைப் பண்ணினதே நான்தான் சார்."

நோட்டைக் கொடுத்தேன். மூன்றாம் தேதி தப்பு, ஒன்பதாம் தேதி திருத்தம். என்னுடையது என்று நிரூபிக்க என் முட்டாள்தனத்தைத்தான் காட்ட வேண்டியிருந்தது. அவளே பலகையை அழித்தாள். எனக்குச் சந்தோஷமாக இல்லை. பொய் எதற்கு, கொஞ்சம் இருந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

பெரிய கணக்கு எனக்கு. முடிச்சு அறையைக் காலிசெய்துவிட்டாள். என் மேசையில் ஒரே ஒரு தாள் விட்டுப் போயிருக்கிறாள். அதில் சுருங்காத வளையம் உள்ள ஒரு வெளி. அங்கே என் பழைய தேற்றம் எப்படி உடைகிறது என்று நான்கே வரி. மன்னிப்பெல்லாம் இல்லை.

நான்கு தடவை சரிபார்த்தேன். ஓட்டையே இல்லை. தேற்றம் இளைத்தே ஆக வேண்டும் என்று காட்ட, ஒரு வாரமாக நான் தேடிக் கிடைக்காத உதாரணம். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கிழிக்கலாமா? அவள் பெயர் போடாமல் சேர்த்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்?

மாலையில் அதை என் கட்டுரையில் சேர்த்தேன். கீழே, இந்த உதாரணம் இன்னாருடையது என்று அவள் பெயரை எழுதினேன். முடிச்சு என்று இல்லை, முழுப் பெயர்.