ஆறாவது பக்கத்தில் கூப்பிட்ட பெயர்

என் ஆசை அண்ணிக்கு,

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. தலைத்திவசத்துக்குச் சாமான் பட்டியல் எழுத உட்கார்ந்தவள், அதை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பத்திரிகைக்குத்தான் அனுப்பப்போகிறேன், நாலு பேர் படிக்கட்டும். நீங்கள் இறந்தபோது அதே பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுத்தோம். மனைவி, தாய், பாட்டி என்று எல்லாம் இருந்தது, பாடகி என்ற ஒரு சொல் மட்டும் இல்லை. அதை எழுதிக் கொடுத்தவள் நான்தான் அண்ணி.

போன வாரம் என் மகன் சிரம்பானில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து ரெக்கார்டு ஒன்று வாங்கி வந்தான். மேலே ‘மிஸ் ரோஸ்’ என்று அச்சடித்திருந்தது. கேசட்டில் பதிந்து கொடுத்து, யார் இவர் தெரியுமா அம்மா என்று கேட்டான். தோட்டத்து லெட்சுமியான உங்களை மிஸ் ரோஸ் ஆக்கியவர் போர்டிக்சனில் பேண்டு வைத்திருந்த பெரேரா என்று அவனுக்கு எப்படிச் சொல்வேன்?

தொரை பங்களாவில் நீங்கள் ஆயாவாக இருந்தபோது, கிராமபோனில் ஓடிய ஜாஸ் பாட்டையெல்லாம் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பிடித்துவிட்டீர்கள். பிறகு சனிக்கிழமை தோறும் ராணுவ முகாமிலிருந்து லாரி வரும், நீங்கள் ஏறிப் போய்ப் பாடுவீர்கள். சிங்கப்பூர் வரைக்கும் போய் மூன்று ரெக்கார்டு கொடுத்தீர்கள், ஆறு பக்கம். மூன்றையும் கொண்டுவந்து பெட்டியில் வைத்தீர்கள். நம் வீட்டில் ரெக்கார்டு இருந்தது, அதைப் போட்டுக் கேட்கக் கிராமபோன் இல்லை.

அது, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம். லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிற பெண்கள் காட்டு ஆட்களுக்கு அரிசி கொண்டுபோகிறார்களா என்று வாசலில் தடவிப் பார்க்கிற அரசாங்க வேலை எனக்கு. உங்களையும்தான் தடவிப் பார்த்தேன். சங்க வேலை செய்துகொண்டிருந்த என் அண்ணன், உங்கள் புருஷன், போலீஸ் ஆட்களைப் பிடிக்க ஆரம்பித்ததும், நீங்கள் சிங்கப்பூர் போவதற்கு முன்பே லயத்தை விட்டுப் போனவர் திரும்பவில்லை. காட்டுக்குள் இருக்கிறார் என்றார்கள். உங்களைப் பார்க்க வருகிறாரா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. தெரிந்தால் சொல்ல வேண்டிவரும் என்ற பயம்.

யாரோ ஒரு புண்ணியவான் மொட்டைக் கடிதம் எழுதினான். லெட்சுமி ரெக்கார்டில் பாடி, காட்டில் இருப்பவர்களுக்குச் சேதி சொல்கிறாள் என்று. போலீஸ் அதிகாரி கிராமபோனோடு தோட்டத்து ஆபீசுக்கு வந்துவிட்டார். வெள்ளைக்காரர், தமிழ் தெரியாது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால் அர்த்தம் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி நின்றார். பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, வராதவர் பெயரை வெட்டுகிற விஷயத்தில் அண்ணனோடு மல்லுக்கு நின்ற அதே கிராணி.

அஞ்சு பக்கம் ஓடியது. ஒன்றும் இல்லை, எல்லாம் இங்கிலீசும் மலாயும். ஆறாவது பக்கத்தில், நடுவில் பாட்டு நின்று, நீங்கள் வெறும் குரலால் தாளத்தோடு ஓட ஆரம்பித்தீர்கள். அது நம்முடைய காலைப் பெரட்டு. காத்தாயி, டப் டப். சடையா, டப் டப். வீரம்மா, டப் டப். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் ஆள் கூப்பிடுகிற அதே இழுவை. ஒவ்வொரு பெயருக்கும் டிரம் எழுந்து ‘இருக்கேன்’ என்றது.

அப்புறம் ‘நெட்டையா’ என்றீர்கள். டிரம் அடிக்கவில்லை.

போலீஸ் காகிதத்தில் அண்ணன் பெயர் மாரிமுத்து. தோட்டத்தில் இரண்டு மாரிமுத்து இருந்ததால் பெரட்டில் அவர் நெட்டையன். அது எனக்குத் தெரியும், கிராணிக்கும் தெரியும். அதிகாரி ஊசியைப் பார்த்துக்கொண்டே, இவள் என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். பெயர் என்று சொன்னால் உங்களை உள்ளே வைப்பார்கள், அல்லது ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். பொய் சொல்லி மாட்டினால் நானும் கூட. எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அதாவது சந்தை மலாயில், அது அர்த்தமில்லாத சத்தம், தாளத்துக்கு வாயில் வருவது என்றேன்.

அதிகாரி கிராணியைப் பார்த்தார். கிராணி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், அவள் சொல்வது சரிதான் என்றார். ஜாஸில் அப்படித்தான் பாடுவார்கள், எனக்குத் தெரியாதா என்று சிரித்து அதிகாரி ஊசியைத் தூக்கிவிட்டார்.

வெளியே வந்ததும் கிராணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “ரெக்கார்ட வீட்ல வச்சிருக்காத பிள்ள. அடுத்த தடவ தமிழ் தெரிஞ்ச ஆள் வருவான்.”

மூன்றையும் அம்மிக் குழவியால் உடைத்தேன். நீங்கள் வாசற்படியில் நின்று பார்த்தீர்கள். “இனிமே பாடாதீங்க அண்ணி. ஒங்க பாட்டே அண்ணனக் கொன்னுடும்,” என்றேன். நீங்கள் விளக்குமாற்றை எடுத்துத் துண்டுகளைக் கூட்டினீர்கள். சனிக்கிழமை லாரி வந்து ஹாரன் அடித்தது. நீங்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டே இருந்தீர்கள். அண்ணனும் வரவில்லை, சேதியும் வரவில்லை. நெற்றிப் பொட்டை மட்டும் நீங்கள் கடைசிவரை அழிக்கவில்லை.

உங்களைக் காப்பாற்றினேன் என்றுதான் இத்தனை வருஷமும் என்னையே தேற்றிக்கொண்டேன். ஆனால் ஊசியைத் தூக்கிய இடத்துக்குப் பிறகு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாதே. மகன் வாங்கி வந்தது அந்த ஆறாவது பக்கம் உள்ள ரெக்கார்டு; போன வாரம்தான் மீதியைக் கேட்டேன், அண்ணி.

டிரம் சும்மா இருக்கிறது. மண்டோர் செய்கிற மாதிரியே நீங்கள் இரண்டாம் தடவை கூப்பிடுகிறீர்கள், ‘நெட்டையா’. அதற்கும் பதில் இல்லாவிட்டால் பெயரில் கோடு விழும், அது நம் தோட்டத்துச் சட்டம். வராத ஆளுக்காக வீட்டுக்காரி வரிசையிலிருந்து குரல் கொடுப்பதும் நம் தோட்டத்து வழக்கம்தானே. மைக்கை விட்டுத் தள்ளி நின்று, ரொம்ப மெதுவாக, “இருக்காரு” என்கிறீர்கள். அதன் பிறகுதான் டிரம் எழுகிறது.

ஊசி இன்னும் இரண்டு மூச்சு ஓடியிருந்தால்? அவரைத் தேடி வந்த ஆளின் முன்னாலேயே, இருக்காரு என்று ரெக்கார்டு சொல்லியிருக்கும். கிராணி அப்போதும் கண்ணாடியைத் துடைத்திருப்பாரா? அதைவிட ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அவர் இருப்பது தெரிந்து சொன்னீர்களா, இல்லை, கோடு விழக் கூடாது என்று சொன்னீர்களா? பக்கத்து அறையில் இத்தனை வருஷம் இருந்தீர்கள். கேட்காமல் விட்டேனே, பாவி.

திவசத்துக்கு மறுபடி விளம்பரம் கொடுக்கிறேன். முதல் வார்த்தையே பாடகி என்றிருக்கும். அன்றைக்குப் பிள்ளைகளை உட்காரவைத்து ஆறாவது பக்கத்தை முழுசாகப் போடுவேன். முடிந்ததும் நானே மண்டோர் மாதிரி இழுத்து உங்கள் பெயரை இரண்டு தடவை கூப்பிடுவேன். பதில் சொல்ல ஆள் இல்லாமல் போகாது, அண்ணி. “இருக்காங்க” என்று நான் சொல்வேன்.

உங்கள் பாட்டை உடைத்தவள், உங்கள் நாத்தனார்
செல்லம்மா