தம்பி எனக்காகக் கொடுத்த வாக்கு

மே 11, ஞாயிறு.

காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். "உன் பொண்ணைக் கட்டப்போற மாப்ள உன் சொந்தத் தங்கச்சி பையன். உறவுல கட்ட ஆயர் அனுமதி வேணுமே, இன்னாச்சு?"

"வாங்கியாச்சு சாமி" என்றேன். வாங்கவில்லை. சிமெண்டு வியாபாரத்தில் லோடுகளுக்கு நடுவில் பிஷப்புக்கு மனு போடவே மறந்துவிட்டேன். அதைச் சொல்லக் கூச்சம்.

காகிதத்தைக் கேட்பார் என்று பயந்தேன். பக்கத்தில் என் தம்பி. அவனும் சாமியார், திருச்சபைச் சட்டம் படிக்கிறான், விடுமுறைக்கு வந்திருக்கிறான். "அண்ணன் சொன்னா சரிதான் சாமி, நான் பொறுப்பு" என்றான்.

மதியம் அவனுடைய சினேகிதச் சாமியார்கள் இரண்டு பேர் சாப்பிட வந்தார்கள்.

"டேய் சட்டம், உறவுல அனுமதி இல்லாம கட்டினா?" என்று ஒருவர் தம்பியைச் சீண்டினார்.

"செல்லாதுடா" என்று சிரித்தான். என் மகள்தான் அவர்களுக்கு மீன் பரிமாறினாள்.

புதன்கிழமை கல்யாணம். மந்திரித்து நடத்திவைப்பது தம்பிதான்.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று போனேன். கல்யாணப் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தான். "முதல் வரியே உன்னைப் பத்திதாண்ணே."

"அந்த வரிய அடிச்சிடுடா" என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தான்.

விடிந்ததும் அவனை வண்டியில் ஏற்றி ஆயர் இல்லம் போக வேண்டும். எதற்கு என்பதை வழியில் அரியூர் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.