பால்காரி கதையும் பள்ளிக்கூடத்து ஊசியும்

புதன்கிழமை, ராத்திரி

ஆறாவதில் பெயிலான நான் என் பொண்ணு பவித்ராவுக்கு விஞ்ஞானக் கதை சொல்லப் போனதே தப்பு. மாட்டைத் தொட்டுக் கறந்து லேசான மாட்டம்மை வந்த பெண்களுக்குப் பெரியம்மை வராததைப் பார்த்துத்தான் சீமையில் ஒரு டாக்டர் தடுப்பூசி கண்டுபிடித்தாராம். அந்தப் பால்காரியை நான் எங்க ஊர் மணிமங்கலத்துக்காரி ஆக்கி, பக்கத்து வூட்டு மாட்டையும் கதைக்குள் கட்டிவிட்டேன். பவித்ரா ஊசிக்குப் பயப்படக் கூடாதே என்றுதான்.

இன்றைக்கு ஸ்கூலில் ஊசி. கம்பெனியில் டீ பிரேக்கின்போது டீச்சர் போன் செய்தார். இவள் கையை நீட்டவே இல்லையாம். இவளைப் பார்த்து இன்னும் நாலு பிள்ளைகள் ஓடிவிட்டார்களாம். நாளைக்கு மறுபடியும் ஊசி போட வருவார்களாம்.

வீட்டுக்கு வந்து கேட்டால், "மாட்டத்தான் தொட்டுட்டேனே, எனக்கு எதுக்கு ஊசி? நீதானே சொன்ன?" என்கிறாள்.

"அது வேற நோய்க்குடி, என் டாக்டரம்மா!"

"அப்ப கதை பொய்யா?"

பொய் என்றால் இனிமேல் எதையும் நம்பமாட்டாள். நிஜம் என்றால் நாளைக்கும் கையை நீட்டமாட்டாள்.

இந்த மாட்டுக்கு அம்மையே இல்லை, தொட்டால் பாதுகாப்பு எதுவும் வராது என்று காட்ட அவளைப் பக்கத்து வூட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாடு என் காலை மிதித்தது. கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசி போட்டார்கள்.