இளம் பூமியைச் சூடாக்க மறந்தவனுக்கு

பிரிக்பீல்ட்ஸில் நம் வழக்கமான கடைக்குப் பின்னால் இன்னோர் அடுக்குமாடி எழும்புகிறது. அடித்தூண் இறக்கும் பைலிங் இயந்திரம் இடிக்கும்போதெல்லாம் மேசை அதிர்ந்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீர் சிந்துகிறது. எனக்குக் காலையிலிருந்து தலைவலி. நீ இருந்திருந்தால் ரசித்திருப்பாய். "அடி விழணும்டா, அடி விழாம எந்த ஓடும் நகராது" என்று, கேட்காத பக்கத்து மேசைக்காரருக்கும் விளக்கியிருப்பாய்.

பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை ஆண்டுக்கணக்கில் கேட்டவன் நான். பிறந்து சில கோடி ஆண்டுகளே ஆன பாறைக் கோள். அதன் மேலோடு ஒரே மூடியாக இறுகிக் கிடக்கிறது. ஒரு மாநிலம் அளவுக்குப் பெரிய பாறை வந்து மோதுகிறது. ஓடு உடைய, உருகிய பாறை பொங்கிப் பரவ, விளிம்பில் கனத்த பழைய ஓடு உள்ளே அமிழ்கிறது. பூமியில் கண்டங்களைச் சுமக்கும் ஓட்டுத் தட்டுகளின் ஓட்டம் இப்படி ஒரே அடியில் தொடங்கியது, பிறகு நிற்கவே இல்லை என்பது உன் கட்சி. அடியே வேண்டாம், கோள் மெல்ல ஆறினால் ஓடு கனத்துத் தானாக மூழ்கும் என்பது என் கட்சி.

"உன் பூமி சோம்பேறிலா. யாராச்சும் தள்ளிவிடணும்" என்பாய்.

கிள்ளானில் தமிழ் வாசகர்களுக்கு இருவரும் பேசப் போனோமே. கணினி மாதிரியை எழுதியவன் நான், படம் காட்டிப் பேசியவன் நீ. கூட்டத் தலைவர் உன்னைக் "கோள்களின் அறிஞர்" என்றார். என்னை "அவரைக் காரில் அழைத்து வந்த நண்பர்" என்றார். நீ திருத்தவில்லை. திரும்பும்போது, "டிரைவர் அண்ணே, பங்சார்ல இறக்கி விடுங்க" என்று சிரித்தாய். இன்றும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு, ஒரே அடி போதுமா என்று அந்த மாதிரியில் சோதித்த நம் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டு, மதிப்பீடு வருவதற்குள் மாரடைப்பில் போய்விட்டாய். மதிப்பீட்டாளரின் முதல் கேள்வியே கோளின் உட்புற வெப்பம் எவ்வளவு என்பதுதான். மாதிரியில் அந்த எண்களை நிரப்பியவன் நீ. திறந்து பார்த்தேன். இன்றைய பூமியின் வெப்பத்தை அப்படியே போட்டிருக்கிறாய்! பிறந்த புதிதில் கோள் இதைவிட எவ்வளவோ சூடு என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நீதானே?

சரியான வெப்பம் கொடுத்து மறுபடி ஓட்டினேன். ஓடு உடைந்தது, விளிம்பு அமிழ்ந்தது. கொஞ்சம் உள்ளே போனதும் சூட்டில் இளகி அறுந்து போனது. மேலே மீண்டும் ஒரே மூடி. உன் நிற்காத ஓட்டம் நின்றுவிட்டது. எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

அன்று மாலை உன் மனைவி போன் செய்தார். "அண்ணே, பேப்பர் வந்துருச்சா? அவரு சொன்னது சரிதானே?"

"இன்னும் பாத்துக்கிட்டிருக்கேம்மா."

"நல்லா பாருங்கண்ணே. உங்ககூட சண்டை போட்டுட்டு வந்தாத்தான் அவரு அன்னிக்கு ஒழுங்கா சாப்பிடுவாரு."

முடிவுரை எழுத உட்கார்ந்தேன். 'ஒற்றை மோதல் நிலையான ஓட்டத்தைத் தராது' என்று எழுதி முடிப்பதற்குள் உன் பதில் காதில் விழுந்துவிட்டது: "ஒண்ணோட நிக்குமா? சின்ன வயசுக் கோளுடா, வரிசையா வந்து விழும்லா." எரிச்சலாக வந்தது. ஆனாலும் நியாயமான கேள்வி. இரண்டாவது மோதலைப் போட்டேன். மூடிய ஓடு மறுபடி உடைந்து அமிழ்ந்தது. அடுத்ததற்கும் அப்படியே. மோதல்கள் ஓய்ந்த பிறகுதான் அசையாமல் கிடந்தது.

ஆக, அடி விழும் காலம் வரை நீ சரி. அதன்பின் கோள் ஆறினால்தான் தட்டுகள் நிற்காமல் ஓடும். அங்கே நான் சரி. செத்த பிறகும் என்னை முழுதாக ஜெயிக்க விடவில்லை. அப்படியே எழுதி, உன் பெயரை முதலில் போட்டு அனுப்பினேன்.

இப்போது உன் நாற்காலியில் இருக்கும் புதிய விரிவுரையாளர் எதைச் சொன்னாலும் "ஓகே சார்" என்கிறார். அதனால் எதை எழுதினாலும், நீ எப்படி மறுப்பாய் என்று நானே உன் குரலில் ஒரு முறை கத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் பக்கத்தைப் பேசவே நேரம் போதாதவன் நான். உன் பக்கத்தையும் பேசும் வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய்.