வாய்க்கால் டெல்லியில் இல்லை

எங்கள் சந்துச் சுவரில் இன்று காலை தேர்தல் சுவரொட்டி ஒட்டினார்கள். காய்ச்சிய மைதாப் பசையின் வாடை வாசல்வரை வந்தது. நீ கண்ணை மூடி இத்தனை காலமாகியும் அந்த வாடைக்கு என் தலை தானாகக் கவிழ்கிறது.

எழுபதுகளின் கடைசியில் நீ நாடாளுமன்றத்துக்கு நின்றாய். மல்லசமுத்திரம் பக்கம் கூட்டத்துக்குக் கூட்டம், "என்னை டெல்லிக்கு அனுப்புங்க, உங்க ஏரி வாய்க்காலைத் தூர் வாரித் தாரேன்" என்றாய். பக்கத்தில் நின்று நான் கை தட்டினேன். டெல்லி நினைத்தால் எதுவும் நடக்கும் என்றுதான் இருவருமே நம்பியிருந்தோம்.

ஜெயித்தாய். முதல் கூட்டத்தொடர் முடிந்து சேலம் ஜங்ஷனில் இறங்கியபோது உன் முகம் கறுத்திருந்தது.

"மானம் போச்சு மாப்ள. ஆணை ஜனாதிபதி பேர்ல போகுது, முடிவு மந்திரிசபை எடுக்குது. அந்த மந்திரிசபைய வெக்கறதுக்கும் எறக்கறதுக்கும் கையத் தூக்கற ஐந்நூத்திச் சொச்சம் பேர்ல நான் ஒருத்தன். மாநிலங்களவைன்னு இன்னொண்ணு வேற இருக்குது. மந்திரிகிட்ட வாய்க்காலக் கேட்டேன். 'ரயில் கேளுங்க, தபாலாபீஸ் கேளுங்க. வாய்க்கால் உங்க மாநிலப் பட்டியல்ல இருக்குது'ன்னு சிரிச்சுப்போட்டாரு."

"அடுத்த வருசம் ஆகும்னு சொல்லி வெய்யி" என்றேன். நீ கேட்கவில்லை. ஊரைக் கூட்டி உள்ளதைச் சொன்னாய். மஞ்சள் காட்டுக்கார அம்மா ஒருவர் எழுந்தார்.

"ஏனுங்க, தெரியாமச் சொன்னீங்களா, தெரிஞ்சே சொன்னீங்களா?"

"தெரியாமத்தானுங்க. அதுதான் வெக்கமா இருக்குதுங்க."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வாய்க்கால் மாநிலத்தின் கையில் என்பதால், அடுத்து, நீ மேடைதோறும் ஏசிய உள்ளூர் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனோம். வெயிலில் வெகுநேரம் நிறுத்திவைத்த பிறகுதான் அவர் வெளியே வந்தார்.

"ஓட்டுக் கேக்கறப்ப நான் திருடன். இப்ப என்ன வேணும்?"

உன் காது சிவந்துவிட்டது. "ஏசுனது என்ற தப்புங்கண்ணா. வாய்க்கால் அந்தச் சனங்களுதுங்க."

அவர் படியிறங்கி வந்து உன்னை நிழலுக்கு அழைத்தார். பிறகு நாற்காலி போடச் சொன்னார்.

சென்னையில் பேசி அவர் வேலையை நடத்தினார். தண்ணீர் விட்ட விழாவில் அவர் மேடையில். நீ சனத்தோடு தரையில். அந்த அம்மா உன்னைக் கண்டுகொண்டார். "இங்கெதுக்கு உக்காந்திருக்கறீங்க சாமி? முன்னால போங்க."

"இங்கயே இருக்கறனுங்க" என்று நீ குனிந்துகொண்டாய். உன்னருகில் நானும் குனிந்துதான் இருந்தேன்.

பின்னாளில் என்னைப் பஞ்சாயத்துத் தலைவராக்கினார்கள். பதவி போய் வெகுகாலமாகியும் ஆட்கள் வந்து கேட்கிறார்கள். "செஞ்சு தாரேன்" என்று நாக்கு நுனிவரை வரும். அடக்கிக்கொண்டு, அது யார் கையில் இருக்கிறதென்று முதலில் விசாரிக்கிறேன். பிறகு கேட்டவரையும் கூட்டிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்கிறேன். சில வாசல்களில் உடம்பே கூசுகிறது. இருந்தாலும் நிற்கிறேன்.